மூச்சு சீரானா திறக்கும் கதவு

அம்மாவுக்கு வணக்கம். முட்டி வலி தேவலையா? நான் நல்லா இருக்கேன்.

கண்காட்சிக்கு ஒரு அறை செய்றோம். உள்ள போறவங்களுக்கு மனசு பதறணும், அதான் கலையாம். நம்ம மூச்சையே மைக் பிடிச்சு சுவர் முழுக்க இருக்கிற ஸ்பீக்கர்ல அலறவிடும். மூச்சு சீரானாதான் கதவு திறக்கும். எவ்வளவு சீராகணும்னு அளவு வச்சவன் நான்தான்.

நேத்து சோதிக்கப் போனேன். பயத்துல மூச்சு வாங்கிச்சு, சத்தம் கூடுச்சு, இன்னும் பயந்தேன். எலக்ட்ரீஷியன் அண்ணன் மெயின ஆஃப் பண்ணித்தான் என்னை வெளிய இழுத்தார். "நீ வச்ச பொறியில நீயே எலியாடா?"ன்னு சிரிச்சார். நானும் சிரிச்சேன்.

இந்த அறைய யோசிச்ச எங்க மேடத்துக்கு, செஞ்சவனே பயந்துட்டான்னு ஒரே சந்தோஷம். நாளைக்கு திறப்பு விழாவுல எல்லார் முன்னாடியும் நானே உள்ள போகணுமாம்.

ஒண்ணு செய்மா. வழக்கமா என்னைத் திட்டுவியே, அத இன்னிக்கு ராத்திரிக்குள்ள போன்ல பேசி அனுப்பு. காதுல மாட்டிக்கிறேன். நீ திட்டத் திட்டத்தானே நான் தூங்குவேன்.

கூப்பிடுறாங்க. நீளமா திட்டும்மா.

உன் உருப்படாதவன்