பூக்கடைக்குப் பின்னால் நின்ற அப்பா

என் அப்பாவுக்கு,

எழுதுகிறேன் என்று கோபித்துக்கொள்ளாதே. உனக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வராது. எனக்கு மனசில் இருப்பதை வாய் திறந்து பேச வராது. நீ இருந்தவரை அது ஒரு குறையாகவே தெரியவில்லை. இப்போதுதான் கஷ்டமாக இருக்கிறது.

நீ போன பிறகு எனக்கு வேலை கிடைத்தது, அப்பா. பெருங்களத்தூர் பக்கம், ஏசி ஆபீஸ். நீ சாரத்தில் தொங்கிக்கொண்டு பெயின்ட் அடிப்பாயே, அந்த மாதிரிக் கட்டடம். கேமராவில் பதிவான சின்னச் சின்ன வீடியோக்கள் வரும். அதில் இருக்கும் ஆளைப் பார்த்து 'சாதாரணம்' அல்லது 'சந்தேகம்' என்று நாங்கள் குறிக்க வேண்டும். அதைப் பார்த்து ஒரு கம்ப்யூட்டர் கற்றுக்கொள்ளும். நாளைக்கு அதுவே, எந்தக் குற்றமும் நடப்பதற்கு முன்னால், 'இந்த ஆளைக் கவனி' என்று போலீசுக்குச் சொல்லும். "திருடனைப் புடிக்கிற வேலையா? நல்லதுதானே" என்றாள் அம்மா. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

போன வாரம் ஒரு வீடியோ வந்தது. ஏதோ ஒரு ரயில்வே ஸ்டேஷன் வாசல். சைக்கிள் ஸ்டாண்ட் ஓரத்தில் ஒருவர், சட்டையெல்லாம் சிமென்ட் கறை. கூட்டம் வெளியே வரும்போதெல்லாம் பின்னால் ஒதுங்குகிறார். எட்டிப் பார்க்கிறார். மறுபடி மறைந்துகொள்கிறார். அதோடு வீடியோ முடிந்துவிட்டது.

அப்படி நிற்கிற ஒருவரை எனக்குத் தெரியும். காலேஜ் விட்டு ஊரப்பாக்கம் ஸ்டேஷனில் நான் இறங்கும்போது நீ பூக்கடைக்குப் பின்னால் அப்படித்தான் நிற்பாய். "முன்னாடி வந்து நில்லேன்பா" என்றால், "உன் ஃப்ரெண்டுங்கோ எல்லாம் வர்றாங்கோ. நா பெயின்ட்டும் அழுக்குமா கீறேன், போ" என்பாய்.

ஒரு நாள் போலீஸ்காரர் உன் தோளைத் தட்டினாரே, ஞாபகம் இருக்கிறதா?

"யோவ், பூக்கடைக்குப் பின்னால இன்னாய்யா வேலை உனக்கு?"

"பொண்ணு வருது சார். காலேஜ் படிக்குது."

"அதுக்கு ஏன்யா திருடன் மாதிரி ஒளிஞ்சுகினு நிக்கற? லைட்டுக்குக் கீழ வந்து நில்லு."

அதற்குள் நான் வந்துவிட்டேன். அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். வீடு வரைக்கும் நீ அதையே சொன்னாய். "காலேஜ்னு சொன்னதும் ஆளு அடங்கிட்டாரு, பாத்தியா?"

அவர் கேட்டார், நீ சொன்னாய். இந்த வீடியோவில் இருப்பவரை யார் கேட்பார்கள்?

நான் 'சாதாரணம்' என்று குறித்தேன். ஒரே வீடியோவை மூன்று பேர் பார்ப்போம், அதிகம் பேர் சொல்வதுதான் கணக்கு; மற்ற இருவரும் 'சந்தேகம்' என்றார்கள். எங்கள் டீம் லீடர் அண்ணா நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஒளிஞ்சு நிக்கறாரும்மா. ரூல்ல இருக்குல்ல?"

"பொண்ணுக்காக நிக்கறார்ண்ணா."

"வீடியோல பொண்ணு எங்க?"

"அதுக்குள்ள முடிஞ்சிடுச்சு."

"செயின் அறுக்கறவனும் இப்படித்தாம்மா நிப்பான். எங்க அக்கா கழுத்துல தழும்பு இன்னும் இருக்கு."

அந்தத் தழும்பும் நிஜம்தானே? பாத்ரூமுக்குப் போய் அழுதேன். வெட்கப்பட்டு ஒதுங்குகிறவனையும் திருட ஒளிகிறவனையும் ஒன்றாக நினைக்க அந்தக் கம்ப்யூட்டருக்குக் கற்றுக்கொடுத்துவிட்டோம். நானும் ஒதுங்கி நிற்கிறவள்தானே, அப்பா?

குறிப்பு எழுத ஓரத்தில் ஒரு கட்டம் இருக்கிறது. யாரும் அதைத் தொடுவதில்லை. நான் இப்போது எழுதுகிறேன்: 'யாரையோ கூட்டிப்போக வந்திருக்கலாம். கேட்டுப் பாருங்கள்.' இதற்கு நேரம் ஆவதால் ஆபீசில் எனக்குப் போடும் மார்க் குறைகிறது. வேலையை நிரந்தரம் ஆக்க மாட்டார்கள் என்று பேசிக்கொள்கிறார்கள். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. ஆனால் அங்கே இருக்கும்வரை எழுதுவேன். உன்மேல் சத்தியம்.

ஒன்று கேட்க வேண்டும். கேட்கத் தைரியம் வராமல் இவ்வளவு நேரம் சுற்றிவிட்டேன். நீ கனவில் வருகிறாய். அங்கேயும் பூக்கடைக்குப் பின்னால்தான் நிற்கிறாய். நான் படி இறங்கி உன்னிடம் வருவதற்குள் கனவு முடிந்துவிடுகிறது. அடுத்த தடவை லைட்டுக்குக் கீழே வந்து நில்லுப்பா. அந்தப் பெயின்ட் சட்டையோடவே வா.

காலேஜ் படித்த
உன் பொண்ணு