பாதையை மறித்த மரம்

குட்டி,

உன்னை எழுப்ப மனசு வரவில்லை. நேற்று அத்தனை பனியில் நீ பட்ட பாட்டுக்கு மத்தியானம் வரை தூங்கினாலும் தகும். சூப் அடுப்பின் மேல் இருக்கிறது. எழுந்ததும் அடுப்பில் இரண்டு கட்டை போடு. குழாயைச் சொட்ட விட்டிருக்கிறேன், மூடிவிடாதே. தண்ணீர் உறைந்தால் குழாய் வெடித்துவிடும்.

பிரசவம் பார்க்கப் போன இடத்திலிருந்து அம்மா இப்போதுதான் போன் செய்தாள். பெண் குழந்தையாம். தாயும் நலமாம். "இன்னும் அரை மணி நேரம் தாமதிச்சிருந்தா நான் போயும் பிரயோஜனமில்ல. உங்க பொண்ணுகிட்ட சொல்லுங்க" என்றாள். பாதையில் விழுந்த மரத்தை நீ அறுத்துத் தள்ளியிராவிட்டால் அவள் கார் நம் வாசலைத் தாண்டியிருக்காது.

ரம்பத்தைத் தொடாதே என்று நான் கத்தியது, உன்னால் முடியாது என்று நினைத்து அல்ல. போன மாதம் என் கையைக் கிழித்ததும் அதே ரம்பம்தான். பயந்துவிட்டேன். நீ போய் வெட்டிக் காட்டினாய்.

காலையில் பக்கத்துத் தோட்டக்காரர் வந்து பார்த்துவிட்டு, "எந்த ஆளைக் கூப்பிட்டீங்க? இவ்வளவு நேரா அறுத்திருக்கான்" என்றார். "ஆளா? என் பொண்ணு" என்றேன். பால்காரர் கேட்கவே இல்லை. அவரிடமும் சொன்னேன்.

புகைபோக்கிக்குத் தகரம் வாங்கப் போகிறேன். மூன்று மணிக்குள் வந்துவிடுவேன்.

அப்பா

பி.கு.: மீதி மரத்தை நான் தொடவில்லை. வந்ததும் நீ அறு, நான் ஒற்றைக் கையால் அடுக்குகிறேன்.