சூடு என்று நாம் நம்பிய ரத்தம்

கோபம் வந்தாலும் சோறு போட மறக்காத என் பாக்கியத்துக்கு,

நலமா என்று கேட்கப் போவதில்லை. கேட்டால், செத்தவளிடம் கேட்கிற கேள்வியா இது என்று முகத்தைத் திருப்பிக்கொள்வாய். நான் இருக்கிறேன். நீ போய் இரண்டு தீபாவளி ஆகிவிட்டது. முதல் தீபாவளிக்கு மலர் ஜொகூரிலிருந்து அப்பாவைப் பார்க்கப் பிள்ளைகளோடு வந்து நாலு நாள் இருந்துவிட்டுப் போனாள். இந்த வருஷம் அவளுக்கு லீவு கிடைக்கவில்லை. பரவாயில்லைம்மா என்று போனில் சொல்லிவிட்டு, தெருமுனையில் ஒரு பொட்டலம் கச்சாங்பூத்தே கடலை வாங்கி வந்து டிவி முன்னால் உட்கார்ந்து தின்றேன். அதுதான் என் தீபாவளி.

புந்தோங்கில் எல்லாம் நீ விட்டுப் போன மாதிரியேதான் இருக்கிறது. மதியமானால் கடலை வறுக்கிற வாசனை வீட்டுக்குள் வந்துவிடும். நான் இன்னும் அதே அடுக்குமாடிக் கேட்டில் ஜாகா வேலைதான் பார்க்கிறேன், பகல் ஷிப்டு காவல். கார், லாரி என்று காடி வந்தால் தடையைத் தூக்கிவிடுவேன், போனதும் இறக்கிவிடுவேன். சில நாள் வீட்டுக்கு வந்த பிறகுதான் தோன்றும், இன்றைக்கு முழுக்கக் காலையில் "பாகி", சாயங்காலம் "பெத்தாங்" என்று வணக்கம் சொன்னதைத் தவிர வாயே திறக்கவில்லையே என்று.

வாயைப் பற்றித்தான் இந்தக் கடிதமும். உன்னிடம் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. மலரிடம் சொல்லிப் பார்த்தேன். "அதெல்லாம் விடுங்கப்பா" என்றாள். வேறு யாரிடம் சொல்வது? மற்றவர்கள் படித்தாலும் படிக்கட்டும். நம்மைப் போல நினைத்துக்கொண்டிருக்கிறவர்கள் இந்த ஊரில் இன்னும் நிறைய பேர் இருக்கிறார்கள்.

போன மாதம் இனிப்பு நீருக்கு மருந்து வாங்கக் கிளினிக்குக்குப் போன இடத்தில், பல்லையும் காட்டிவிட்டு வரவேண்டும் என்று சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். பல் டாக்டர் நம் தமிழ்ப் பிள்ளைதான். ஆயர் தாவார் பக்கமாம், மலரை விடச் சின்னவள். வாயைத் திறக்கச் சொல்லி ஒரு கம்பியால் ஈறைத் தொட்டாள். தொட்ட இடமெல்லாம் ரத்தம். எத்தனை நாளாக இப்படி என்று கேட்டாள். உடம்புச் சூடும்மா, ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை சீனக் கடையில் மூலிகைக் கசப்புத் தண்ணி குடிக்கிறேன், அடங்கிவிடும் என்றேன். நீ பக்கத்தில் இருந்திருந்தால் எனக்கு முன்னால் நீயே சொல்லியிருப்பாய்.

உனக்குத்தானே அது முதலில் வந்தது. பீடோருக்கு உன் அம்மாவைப் பார்க்கப் போய்விட்டுத் திரும்பும்போது ரோட்டோரம் கொய்யா வாங்குவோம். நீ கடித்த இடத்தில், வெள்ளைச் சதையில் சிவப்பாகப் பல் தடம் இருக்கும். என்ன புள்ள இது என்று நான் கேட்டதற்கு, சூடுதான் என்றாய். நானும் சூடுதான் என்றேன். அப்போதிருந்துதான் ஞாயிறுதோறும் உன்னை மோட்டாரில் ஏற்றிக் கசப்புத் தண்ணி குடிக்கக் கூட்டிப் போனேன். தோட்டத்தில் வளர்ந்த நமக்கு எல்லாமே சூடுதான். கண் சிவந்தால் சூடு, வாய்ப்புண் வந்தால் சூடு, ஈறு கசிந்தால் சூடு. தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸரிடம் போனால் பல்லைப் பிடுங்கக் குறடோடு நிற்பார் என்கிற பயம் வேறு. சூடு என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் யாரும் எங்கேயும் போக வேண்டியதில்லை.

அப்புறம் நீ கொய்யாவைக் கடிப்பதை விட்டுவிட்டு, மெல்லிசாக வெட்டித் தின்ன ஆரம்பித்தாய். முறுக்கைத் தேத்தண்ணியில் ஊறவைத்துத் தின்பாய். அதற்குள் கிழவியாகிவிட்டாயே என்று நான் கேலி செய்வேன். வீட்டுத் தலையணை உறை எல்லாவற்றையும் மாற்றி அரக்குச் சிவப்பில் வாங்கி வந்தாயே, ஞாபகம் இருக்கிறதா? இதென்ன அம்மன் கோவில் திரைச்சீலையா என்று கேட்டேன். நீ சிரித்தாய். உனக்கு அந்த நிறம் பிடிக்கும் போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன். இத்தனை வருஷம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன், பாக்கியம். போன மாதம்தான் அந்த உறைகளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். வாய் படுகிற பக்கமெல்லாம் கருத்த கறை.

அந்த டாக்டர் பிள்ளை நான் சொன்னதைக் கேட்டுச் சிரிக்கவில்லை. இது சூடு இல்லை, ஈறு நோய், பல்லுக்கும் ஈறுக்கும் நடுவில் கிருமி கூடு கட்டியிருக்கிறது என்றாள். பல் ஆடுவதோடு போகிற விஷயமும் இல்லையாம். ரத்தத்தில் சர்க்கரையைக் கூட்டி இனிப்பு நீரை ஏற்றிவிடும், உடம்பின் காவலையே அயர வைத்துவிடும் என்றாள். எனக்குப் புரியவில்லை என்று தெரிந்து, என்ன வேலை பார்க்கிறேன் என்று கேட்டாள். சொன்னேன்.

"அங்கிள் ஜாகாதானே, அப்ப இப்படி வச்சுக்குங்க. வாய்தான் முன்கேட்டு, அங்க தெனம் சண்டை. இருக்கிற ஜாகா எல்லாம் அங்கயே நிக்கிறாங்க, வருஷக்கணக்கா. அலுத்துப் போயிருவாங்கதானே? பின்னாடி ஒருத்தன் ஏறிக் குதிச்சா யாரு பாக்கிறது? சில கிருமி இன்னும் மோசம். ஈறுலேர்ந்து கெளம்பி குடல் வரைக்கும் போயிருது. அங்க புற்றுக்கட்டி ஏதும் இருந்தா அதோட ஒட்டிக்கிட்டு, அதை அழிக்க வர்ற ஜாகாவ, இங்க ஒண்ணும் இல்ல, நீ போன்னு திருப்பி அனுப்பிருமாம். அப்படித்தான் இருக்கலாம்னு ஆராய்ச்சியில சொல்றாங்க."

குடல் என்று அவள் சொன்னதும் சாய்ந்திருந்த நாற்காலியிலிருந்து எழுந்து உட்கார்ந்துவிட்டேன். உன்னைப் பற்றி நான் அதுவரை ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை. அதற்குப் பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். கொய்யா, முறுக்கு, குடலில் கட்டி என்று பெரியாஸ்பத்திரியில் சொன்னது, வெட்டி எடுத்தும் ஈரலுக்குப் போனது, நாற்பது கிலோவுக்கு நீ இளைத்துப் போனது. அவள் முகமூடியைக் கழற்றிவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். வெளியே ஆட்கள் நம்பர் சீட்டோடு காத்துக்கொண்டிருந்தார்கள்.

கடைசியில் நேராகவே கேட்டுவிட்டேன். என் பொண்டாட்டிக்கு அது வந்தது இதனாலதானா?

"அங்கிள், இதனாலதான்னு நான் சொன்னா அது பொய். சம்பந்தமே இல்லைன்னு சொன்னாலும் பொய். இன்னும் முழுசா தெரியல. பாத்துக்கிட்டு இருக்காங்க."

ஆமாம் என்று சொல்லியிருந்தால் தலையில் அடித்துக்கொண்டு அழுதிருப்பேன். இல்லை என்று சொல்லியிருந்தால் அன்று இரவாவது தூங்கியிருப்பேன். இருக்கலாம் என்பதை வைத்துக்கொண்டு ஒரு மனுஷன் என்ன செய்வது? வெறும் வீட்டில், பேச ஆளில்லாமல், இருக்கலாம் இருக்கலாம் என்று அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். கேட்டில் நிற்கும்போது கூட அந்தப் பிள்ளை சொன்னது ஞாபகம் வருகிறது. தெரிந்த காடியென்றால் நானும் உள்ளே யார் என்று பார்ப்பதில்லை, கையைக் காட்டி விட்டுவிடுகிறேன். உன் வாயில் ரத்தம் வந்தபோதும் அதைத்தானே செய்தேன்.

கூடு கட்டியதைச் சுரண்டி எடுக்க மறு வாரம் செவ்வாய்க்கிழமை வரச் சொன்னாள். இரண்டு மூன்று தடவை வரவேண்டும், வலிக்காது, ஊசி போட்டுவிடுவேன் என்றாள். போனேன். மோட்டார் சைக்கிளை வாசலில் நிறுத்தினேன். உள்ளே போகாமல் அதன் மேலேயே உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன். ஊசிக்குப் பயந்து இல்லை, பாக்கியம். இரண்டு மூன்று தடவையில் என் ரத்தம் நின்றுவிட்டால், உன்னுடையதும் அப்படி நின்றிருக்கும் என்று ஆகிவிடும். அதை எப்படித் தாங்குவேன் என்று எனக்குத் தெரியவில்லை. ரத்தம் வந்தால் வரட்டும், உனக்கு வந்தது எனக்கும் வரட்டும் என்று கூட நினைத்தேன். கிறுக்குப் புத்தி. திட்டு.

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமையும் கசப்புத் தண்ணிக் கடைக்குப் போனேன். நீ போன பிறகு ஒரு வாரமும் விட்டதில்லை. கடைக்கார ஆன்ட்டி இன்னும் என்னைப் பார்த்ததும் இரண்டு கோப்பையை எடுத்துவிடுகிறாள். "டுவா?" என்று கேட்டுவிட்டு, அவளே ஞாபகம் வந்து ஒன்றைத் திருப்பி வைக்கிறாள். அன்றைக்கும் வைத்தாள். நான் அதையும் ஊற்றச் சொன்னேன். உன் கோப்பையைப் பக்கத்து நாற்காலிக்கு எதிரே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான், நீ சொன்ன ஒன்று ஞாபகம் வந்தது.

அப்போது உனக்கு நல்ல உடம்பு. நெற்றியில் வேர்வை, காதில் அந்தச் சின்னத் தோடு. கசப்பில் முகத்தைச் சுளித்துக்கொண்டு, பாதிக் கோப்பையோடு என்னைப் பார்த்துச் சொன்னாய்.

"மலரப்பா, ரத்தம் நின்னுருச்சுன்னா அப்புறம் என்னை எங்க கூட்டிட்டுப் போவீங்க?"

நான் சிரித்தேன். பதில் சொன்னேனா? சொல்லவில்லை. குடி, நேரமாச்சுலா என்றிருப்பேன். முப்பது வருஷத்தில் இந்தக் கடை, உன் அம்மா வீடு, கல்யாணம், கருமாதி, கோவில், ஆஸ்பத்திரி இவை தவிர உன்னை எங்கே கூட்டிப் போயிருக்கிறேன்? காரணம் இல்லாமல் உன்னை மோட்டாரில் ஏற்றியதே இல்லை. ஞாயிற்றுக்கிழமை அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் நீ ரத்தத்தோடு இருந்தாயா? வேறு டாக்டரிடம் போவோம் என்று நீ ஒரு நாளும் கேட்காததற்கு அதுதான் காரணமா? இதைத்தான் உன்னிடம் கேட்க வேண்டும் என்றேன். கிருமியும் ஜாகாவும் எப்படியோ போகட்டும், அதை அந்தப் பிள்ளைகள் ஆராய்ந்து கண்டுபிடிப்பார்கள். இதற்குப் பதில் உன்னிடம் மட்டும்தான் இருக்கிறது. நீயோ பேசமாட்டாய்.

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பாய். சொல்லிக்கொள். ஆனால் அன்றைக்கு உன் கோப்பையையும் நானே குடித்துவிட்டு, மறுநாள் போய் வேறு தேதி வாங்கி வந்தேன். வருகிற செவ்வாய்க்கிழமை. அந்தப் பிள்ளை என்னைத் திட்டவில்லை. மகளையும் பல்லைக் காட்டச் சொல்லுங்கள் என்றாள். மலருக்குப் போன் போட்டுக் கேட்டால், அவளுக்கும் பல் தேய்க்கும்போது கசிகிறதாம். சூடு என்று சொன்னாள். போனில் முதல் முறையாக அவளை அதட்டினேன்.

இந்தத் தடவை உள்ளே போய்விடுவேன், பாக்கியம். சத்தியமாகப் போவேன். ரத்தம் நிற்கட்டும். நின்ற பிறகு வருகிற ஞாயிற்றுக்கிழமை, எந்த நோயும் இல்லாமல், எந்தக் காரணமும் இல்லாமல் மோட்டாரை எடுப்பேன். பின் சீட்டுக் கிழிசலைத் தைத்து வைத்திருக்கிறேன். எங்கே போக வேண்டும் என்று நீயே சொல்.

இப்போதுதான் பதில் சொல்லத் தெரிந்த,
உன் மலரப்பா