பெர்மிட்டில் இன்னும் உன் பெயர்தான்

என் அன்புச் சரஸ்வதிக்கு,

நீ எங்களைப் பிரிந்தது மார்ச் பன்னிரண்டாம் தேதி. நினைவு அட்டையில் பதின்மூன்று என்று அச்சிட்டுவிட்டார்கள். அத்தனை அட்டைகளையும் பேனாவால் திருத்தினேன். என் குணம் உனக்குத் தெரியாததா?

என்னால் திருத்த முடியாதது ஒன்று இருக்கிறது. கடல் கடந்து வேலைக்கு வந்து மூன்று ஆண்டுகள் உன்னைத் தூக்கி உட்காரவைத்துக் கஞ்சி ஊட்டினாளே செல்வி, அவளுடைய வேலை பெர்மிட்டில் முதலாளி இன்னும் நீதான். ஜூலை முப்பதாம் தேதி அது முடிகிறது.

பிரிக்ஃபீல்ட்ஸில் ஏஜெண்டைப் பார்த்தேன். "மேடம் போயிட்டாங்க, பெர்மிட்டும் போச்சு லா அங்கிள். இவங்கள ஊருக்கு அனுப்பிட்டுப் புதுசா ஒருத்தர எடுத்துக்குங்க," என்றான். பழுதான ஐஸ்பெட்டியைப் பற்றிப் பேசுவதுபோல! என் பெயருக்கு மாற்றித் தரும்படி குடிநுழைவு அலுவலகத்தில் விண்ணப்பம் கொடுத்திருக்கிறேன். போகும்போதெல்லாம் "பரிசீலனையில் இருக்கிறது" என்கிறார்கள். எத்தனை முறைதான் இதைக் கேட்பது?

இதற்கிடையில் ஷா ஆலமிலிருந்து நம் மகள் வந்தாள்.

"அப்பா, செல்விக்கா எங்க வீட்டுக்கு வரட்டும். பிள்ளைங்களப் பார்த்துக்கட்டும்."

"பெர்மிட்டுல இந்தக் கிள்ளான் வீட்டு அட்ரஸ்தான் இருக்கு."

"யாருப்பா வந்து செக் பண்ணப் போறா?"

அடுப்படியிலிருந்து செல்வியே பதில் சொன்னாள்: "எனக்கும் பிள்ளைங்கன்னா ஆசைதான் தங்கச்சி. ஆனா பிடிச்சாங்கன்னா இமிகிரேஷன் லோரில ஏறப் போறது நான்தானே? நீங்க வாசல்ல நின்னு டாட்டா காட்டுவீங்க."

மகள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தன் அலுவலகத்தில் ஒருநாள் விடுப்பு மறுக்கப்பட்டதற்கு இரண்டு பக்கம் புகார் எழுதியவள், இன்னொருத்தியை இரவல் கேட்கிறாள். செல்வி என்ன, குடையா?

அவள் போனபின் செல்வியிடம், "உனக்கு என்னம்மா வேணும்?" என்று கேட்டேன்.

"இங்கேயே இருக்கணும் ஐயா. ஞாயித்துக்கிழமை லீவோட. அம்மா இருந்தப்ப எப்படிக் கேக்குறது? அவங்களால திரும்பிப் படுக்கக்கூட முடியலையே."

உன்னைக் குறைசொல்ல இதை எழுதவில்லை. கேட்டிருந்தால் நீ என்ன சொல்லியிருப்பாய்?

ஜூன் இருபத்திரண்டாம் தேதி, திங்கட்கிழமை, மீண்டும் குடிநுழைவு அலுவலகத்துக்குப் போகிறேன். பெர்மிட் கிடைத்தால் ஒப்பந்தத்தில் ஞாயிறு விடுமுறையை எழுதிவிட்டே கையெழுத்திடுவேன். கிடைக்காவிட்டால், விமான நிலையம்வரை நானே அவளுடன் போவேன். அவள் தன் பெட்டியோடு நிமிர்ந்து நடந்து ஊர் போவாள். யார் வீட்டிலும் ஒளிந்து வேலை செய்ய அவளை அனுப்ப மாட்டேன், நம் மகள் வீடானாலும் சரி.

உன் வீட்டுக்காரன்,
கோவிந்தசாமி
கிள்ளான்