பேப்பரில் நான் வாசிக்காமல் விட்ட பாதி

அப்படி நான் சொல்லவே இல்லை அக்கா. பால் குடித்ததால்தான் ஷாமிளா ஒன்பது வயதில் பெரிய பிள்ளையானாள் என்று பேப்பரில் எங்கேயும் இல்லை.

தப்பு என்னுடையதுதான். சினைமாட்டுப் பாலில் ஹோர்மோன் கூடுதலாக இருக்கும் என்ற இடம் வந்ததும், கதை வாசிக்கிறவள் போல நிறுத்திவிட்டு உங்கள் முகத்தைப் பார்த்தேன். மிச்சத்தை இன்றைக்குத்தான் வாசித்தேன். அது மிகக் கொஞ்ச அளவாம். பெரும்பகுதியை ஈரலே அழித்துவிடுமாம். கெடுதல் என்று யாரும் நிரூபிக்கவில்லை, இன்னும் ஆராய்கிறார்களாம். அந்தப் பேப்பர்த் துண்டை அரிசி வாளியின் மேல் வைத்திருக்கிறேன்.

நீங்களோ பாலை வாசல் சாக்கடைக் கானில் ஊற்றிவிட்டு, "என் கையாலயே புள்ளைய கெடுத்துட்டேனே" என்று அழுதீர்கள். மூலையில் சேலை மறைப்புக்குள் இருந்த பிள்ளைக்கு எல்லாம் கேட்டிருக்கிறது. காலையில், "சித்தி, எனக்கு என்னா நோய்?" என்று கேட்டாள். ஒரு நோயும் இல்லை என்று சொன்னேன்.

றக்வானைக்குப் போகிறேன், நல்லெண்ணெய் வாங்க. சோறு வடித்துவிட்டேன். டோபியம்மா பத்து மணிக்கு மாற்றுத் துணி கொண்டுவருவார்.

ஜீவராணி

இன்னொன்று அக்கா. நான் சொன்னதை அவள் நம்பவில்லை. நீங்கள் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, "உனக்கு ஒண்ணும் இல்லடி" என்று ஒரு தடவை சொல்வீர்களா?