கூண்டிலிருந்து சொன்ன சொல்லுக்கு என்ன மதிப்பு

அனுப்புநர்:
மெர்லீன் வான்ஸ்லைட்மன் (வயது 46),
புவியியல் ஆசிரியை,
பெட்டர் ரிட்ரீட் கிராமம், கயானா.

பெறுநர்:
பதிவாளர் அவர்கள்,
மேல்முறையீட்டு நீதிமன்றம்.

பொருள்: லெஸ்லி ஹோப்கின்சன் வழக்கில் ஜூரிக்கு நீதிபதி அளித்த அறிவுரை குறித்து.

மதிப்பிற்குரிய ஐயா,

இன்று காலை நான் முதலில் செய்த காரியம், சிறை வாசலில் லெஸ்லிக்கு என்று இரண்டு சோப்பும் ஒரு பிஸ்கட் பொட்டலமும் கொடுத்தது. காவலர் பதிவேட்டைத் திறந்து, "அவனுக்கு நீங்க என்ன வேணும் மிஸ்?" என்று கேட்டார். லெஸ்லியை ஒருமனதாகக் குற்றவாளி என்ற பன்னிரண்டு ஜூரர்களில் நான் ஏழாமவள்.

1. படகுத்துறைச் சண்டையில் லெஸ்லி துடுப்பால் அடித்ததில் இன்னொரு மீனவருக்கு ஒரு கண் போயிற்று. அடித்ததை லெஸ்லி மறுக்கவில்லை. அந்த மீனவர்தான் முதலில் வெட்டுக்கத்தியை ஓங்கினார், உயிருக்குப் பயந்து அடித்தேன் என்றார். பார்த்தவர் வேறு யாருமில்லை.

2. சாட்சிக் கூண்டில் ஏறிச் சத்தியம் செய்யாமல், குற்றவாளிக் கூண்டில் நின்றபடியே தன் தரப்பைச் சொல்ல நம் சட்டம் இடம் தருகிறது. குறுக்கு விசாரணை கிடையாது. லெஸ்லி அப்படித்தான் நான்கு நிமிடம் பேசினார்.

3. நீதிபதியின் தொகுப்புரை மூன்று மணி நேரம். இந்த இடம் வந்ததும் கண்ணாடியைக் கழற்றினார். "அது அவர் உரிமை. சத்தியம் பண்ணல, கேள்வியையும் சந்திக்கல. அதுக்கு எவ்வளவு மதிப்புங்கிறதை உங்க பொது அறிவுக்கே விட்டுடறேன்" என்றார். எழுத்துப் பதிவைப் படிக்கும் தாங்கள் இதில் பிழை காண மாட்டீர்கள். ஆனால் கண்ணாடியைத் துடைத்தபடி எங்களைப் பார்த்துப் புன்னகைத்தார். சிலர் பதிலுக்குப் புன்னகைத்தோம். நானும்தான். அதே புன்னகையால் இருபது வருடமாக மாணவர்களை எனக்கு வேண்டிய பதிலுக்கு இழுத்து வந்தவள் நான். அது என்ன என்று எனக்குத் தெரியாமல் இல்லை.

4. தற்காப்பு அல்ல என்று நிரூபிப்பது அரசுத் தரப்பின் பொறுப்பு, சந்தேகம் மிஞ்சினால் விடுவிக்க வேண்டும் என்பதை முதல் மணி நேரத்தில் ஒரே வாக்கியத்தில் சொல்லிக் கடந்தார். அதை மீண்டும் விளக்கும்படி ஜூரி அறையிலிருந்து நீதிபதிக்குச் சீட்டு அனுப்பினோம். எங்களைத் திரும்ப அழைத்து, "காலையிலேயே சொல்லியாச்சு. ஞாபகப்படுத்திப் பாருங்க" என்றார். எழுத்தில் ஒரு தாளும் இல்லை. என் மாணவர்களுக்குப் பரீட்சையில் கேள்வித்தாளாவது கையில் இருக்கும்.

5. ஜூரி அறைக்குள் பேசியதை வெளியே சொல்வது குற்றம், சொல்லவில்லை. இது நடைவழியில் கேட்டது. எங்கள் ஜூரித் தலைவர், இரும்புக்கடை வைத்திருப்பவர், என் பக்கம் குனிந்து, "டீச்சரம்மா, நெஜம் பேசுறவன் பைபிளைத் தொட எதுக்குப் பயப்படணும்? ஜட்ஜ் ஐயாவே சிரிச்சிட்டாரு. வாங்க, நாலரைக்குக் கடைசிப் படகு" என்றார். நாற்பது நிமிடத்தில் தீர்ப்புச் சொன்னோம். பதினோரு வருடச் சிறை. படகையும் பிடித்தோம்.

ஆகவே, 19ஆம் தேதி மேல்முறையீடு வரும்போது வெறும் எழுத்துப் பதிவை வைத்து முடிவு செய்யாமல், ஜூரர்களான எங்களையும் அழைத்து விசாரிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். இனி எந்த ஜூரிக்கும் அறிவுரையை எழுத்திலும் கொடுக்க ஆவன செய்யுங்கள்.

அழைக்காவிட்டால், அன்று நானே நீதிமன்றத்தில் எழுந்து, அந்த நாற்பது நிமிடத்தில் யார் என்ன சொன்னார்கள், நான் எங்கே வாயை மூடிக்கொண்டேன் என்பதைச் சொல்லிவிடுவேன். அதற்கான தண்டனையைப் படித்துத் தெரிந்துகொண்டேன். என் கணவருக்கும் பள்ளிக்கும் இது இன்னும் தெரியாது.

பெட்டர் ரிட்ரீட்,
மார்ச் 4.

மெர்லீன் வான்ஸ்லைட்மன்
(கையொப்பம்)