திரை போட்ட பஸ்

ராயபுரம்
ஜூன் 3, 2025

அன்பு மகள் ஜானட்டுக்கு,

நைனா எழுதுவது. மாதா தயவில் அம்மாவும் நானும் சுகம். இத்தனை வருஷம் இரும்புத் தகடு அடிக்கும் பிரஸ் மிஷின் பக்கத்தில் நின்றதில் நீ போனில் பேசுவது எனக்குக் கேட்பதில்லை. அதனால் எழுதிவிடு.

எங்கள் கம்பெனிக்குப் புது காண்ட்ராக்டர் வந்திருக்கிறார். இன்றைக்குத்தான் வேலைக்குச் சேர்ந்த மாதிரி கையெழுத்துப் போடச் சொல்கிறார். போட்டால் பதினாலு வருஷம் உழைத்தது இல்லை என்றாகிவிடும். யாரும் போடவில்லை. எண்ணூரில் கம்பெனி கேட்டுக்கு வெளியே தார்ப்பாய் கட்டி உட்கார்ந்திருக்கிறோம். அம்மா காசிமேட்டுக்கு இறால் உரிக்கப் போகிறாள். நீ வேளைக்குச் சாப்பிடு.

உன் நைனா,
லூயிஸ்

ஒரகடம்
ஜூன் 9

அன்புள்ள நைனா,

அம்மாவைக் கையுறை போட்டு உரிக்கச் சொல்லுங்கள்.

இங்கே எங்களைத் தொழிலாளி என்று சொல்வதில்லை, டிரெய்னிதான். பயிற்சி முடிந்தால் வேலை நிரந்தரமா என்று சூப்பர்வைசரிடம் கேட்டேன். அப்புறம் அடுத்த பேட்ச் வரும் என்றார். ஏஜென்சியில் வேறொரு பிளான்ட்டுக்கு ஆள் கேட்கிறார்கள். போகிறவர்களுக்குப் பயிற்சியை நீட்டித் தருவார்களாம். எந்த இடம் என்று சொல்லவில்லை. பேர் கொடுத்துவிட்டேன். கோபப்படாதீர்கள்.

உங்கள்,
ஜானட்

ராயபுரம்
ஜூன் 17

அன்பு மகளுக்கு,

எங்கே போனாய் என்று தெரியாமல் அம்மா புலம்புகிறாள். ஒரகடம் விலாசத்துக்கே எழுதுகிறேன்.

நேற்றுக் காலை ஜன்னலுக்கெல்லாம் திரை போட்ட பஸ்ஸில் ஆள் கூட்டி வந்தார்கள். எல்லாம் உன் வயசுப் பெண்கள். துப்பட்டாவால் முகத்தை மூடியிருந்தார்கள். பஸ்ஸுக்கு முன்னால் படுத்தோம். போலீஸ் இழுத்துப் போட்டது. எங்களோடு வேலை பார்த்த செங்கொடி என்கிறவள் கண்ணாடியைத் தட்டி, "உங்க வூட்டு அடுப்பு எரியணும்னு எங்க வூட்ல தண்ணி ஊத்தறீங்களேம்மா" என்றாள். எனக்குப் பொறுக்கவில்லை. அசிங்கமாகத் திட்டினேன். கல்லையும் எடுத்து எறிந்தேன். இதற்கு அனுப்ப, பெற்றவர்களுக்கு எப்படித்தான் மனசு வந்ததோ.

உன் நைனா,
லூயிஸ்

மீஞ்சூர்
ஜூன் 20

நைனா,

எங்களை இங்கே கல்யாண மண்டபத்தில் தங்க வைத்திருக்கிறார்கள். வெளியே விடுவதில்லை. கம்பெனி கேன்டீனில் சமைக்கும் பதுருன்னிசா அக்காவிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

பஸ் எண்ணூர் பக்கம் திரும்பியதும் எனக்குத் தெரிந்துவிட்டது. இறங்கணும் என்றேன். டிரைவர் நிறுத்தவில்லை. திரை இடுக்கில் உங்களைப் பார்த்தேன். நீங்கள் எறிந்த கல் கண்ணாடியை உடைத்து என் முன் சீட்டு உஸ்மாவின் நெற்றியில் பட்டது. தையல் போட்டிருக்கிறது. ஆம்பூர்ப் பெண். அவள் அப்பாவுக்கும் தோல் கம்பெனியில் வேலை போய்விட்டதாம். "யாருடி அந்த ஆளு, உனக்குத் தெரியுமா?" என்று கேட்டாள். தெரியாது என்று சொல்லிவிட்டேன்.

என்னை நீங்கள் வேலை பார்த்த பிரஸ் ஷாப்பில்தான் நிறுத்தியிருக்கிறார்கள். விட்டுவிட்டு வரட்டுமா? நீங்கள் சொன்னால் வருகிறேன்.

ஜானட்

ராயபுரம்
ஜூன் 22

ஜானட்டுக்கு,

பதுருன்னிசா கொண்டுவந்த உன் கடிதத்தைக் கம்பெனி கேட்டு பக்கத்திலேயே உட்கார்ந்து படித்தேன். இதையும் அவரிடமே கொடுத்தனுப்புகிறேன். "இன்னா லூயிசு, வூட்ல எதுனா பேஜாரா?" என்று செங்கொடி கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். அம்மாவிடமும் சொல்லவில்லை.

அந்தப் பெண்ணுக்குக் காயம் ஆறுகிற வரைக்கும் கூடவே இரு. நான் யாரென்று அவளிடம் சொல்வதும் சொல்லாததும் உன் இஷ்டம்.

எங்களில் சிலர் கையெழுத்துப் போட்டு உள்ளே போய்விட்டார்கள். நான் போடமாட்டேன். உன்னை வா என்று சொல்லவும் வாய் வரவில்லை. வந்தால் உனக்கு இங்கே என்ன இருக்கிறது?

நாளைக்கும் பஸ்ஸை மறிக்கிறோம். நானும் இருப்பேன். நான் கல்லைத் தொடமாட்டேன். மற்றவர்கள் கையை என்னால் பிடிக்க முடியாது. ஜன்னல் ஓரத்தில் உட்காராதே. இறங்கவும் இறங்காதே.

லூயிஸ்